ஆறு பெயர்கள், ஒரு கட்டைவிரல்

கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போன என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டு எழுகிற வரைக்கும் நாம் நன்றாகத்தான் இருந்தோம். நீ இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய். கை கழுவிவிட்டு வந்துதான் பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தாய். மாகாணத்தில் இருக்கிற பிள்ளைகள் இல்லங்களில் எது நன்றாக நடக்கிறது, எது மோசம் என்று அளந்து பார்க்க சர்க்கார் புதிதாகக் கொண்டுவருகிற ஃபாரம். அதைத் தயார் செய்கிற வேலையை இருபத்தாறு வயசுக்காரனான உன்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நீ ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்து ஏழாவது கட்டத்தில் நின்றாய். "இதுதாம்மா நானே யோசிச்சுப் போட்டது" என்றாய். வீட்டாரிடம் ஒப்படைத்த பிள்ளைகளில் ஒரு வருஷத்துக்குள் திரும்ப இல்லத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண் குறையக் குறைய அந்த இல்லத்துக்கு மார்க்கு கூடும். "திரும்பி வரலேன்னா நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நீதானே சொல்லுவே" என்று சிரித்தாய். நான் அந்தக் காகிதத்தை உன் கையிலிருந்து பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன்.

கிழித்தது தப்பு. அந்தக் காகிதம் சர்க்கார் சொத்து, உன் ஒரு மாத உழைப்பு. ஆனால் நீ அப்போது சொன்னாயே ஒரு வார்த்தை, "உனக்கென்னம்மா தெரியும், நீ பாடம் சொல்லிக் கொடுத்தவ, இது ஆபீஸ் விஷயம்" என்று, அது என்னை மூன்று நாளாக ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அடுப்பை மூட்டினால் உலை வைக்க மறந்துபோகிறேன். ஜெபமாலையை எடுத்தால் பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே நான்கு தரம் தொடங்கி நான்கு தரம் எழுந்து போய், கடற்கரை மணல் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்று புதன்கிழமை. சனிக்கிழமை அந்த ஃபாரம் அச்சுக்குப் போகிறது என்று நீ சொன்னாய். அதற்குள் நான் இதைச் சொல்லி முடித்தாக வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாய் அல்லவா? நான் அடையாற்றுப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் பாடம் மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரிஜிஸ்தரும் நான்தான் எழுதினேன். உன் அப்பா கண்ணை மூடிய மறு வருஷம் வேலைக்குப் போன எனக்கு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சூப்பிரண்டம்மா அந்தப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். வருகிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பெயர், வயது, எடை, உடல்நிலை, எந்த மாஜிஸ்திரேட்டு உத்தரவு, யாரிடம் ஒப்படைத்தோம், அவர் கையெழுத்து அல்லது கைநாட்டு. வருஷக் கடைசியில் அந்தப் புத்தகத்தைக் கூட்டிப் பெருக்கி அறிக்கை தயாரிப்பதும் நான்தான். உங்கள் ஆபீஸ் பீரோவில் அந்த வருஷங்களின் அறிக்கைகள் தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்துப் பார், உன் அம்மாவின் கையெழுத்து உனக்குத் தெரியாமல் போகாது.

அந்த வேலைக்கு நான் போகும்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது உன்னால் வந்தது. உனக்கு ஆறு வயசு இருக்கும்போது மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டோம். நம்ம வீட்டு ஆட்களுக்கு அங்கே என்ன வேலை என்று உன் அப்பாவிடம் கேட்டால், "பொம்மை பார்க்கணும்னு புள்ள அழுதான்" என்பார். ஒரு மணி நேரம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன், மாதாவே! கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நம்ம தெருவுக்குள் நுழைந்தார். "இன்னாம்மா, புள்ளைய வுட்டுட்டு ஊட்ல குந்திகினு கீறீங்க? தெரு பேரு, சர்ச்சு பேரு எல்லாம் கடகடன்னு சொல்றான்" என்றார். நீ பாய்ந்து வந்து என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாய். அன்றைக்கு என் மனசில் பதிந்துபோயிற்று, தொலைந்த பிள்ளை என்றால் அது வீட்டுக்குத்தான் ஏங்கும், வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் புண்ணியம் என்று. ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துவிட்டு உலகத்துப் பிள்ளைகளை எல்லாம் அறிந்துவிட்டதாக நினைத்தேன்.

இல்லம் எப்படி நடக்கிறது என்பதை அப்போதும் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. மாசம் ஒரு தரம் எடை போடுவோம். பிள்ளைகள் எடை கூடியிருந்தால் சாப்பாடு சரி என்று அர்த்தம். அதனால் எடை போடுகிற அன்று காலையில் ஆயா ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சொம்புத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பாள். தராசில் ஏறி நிற்கிற பிள்ளைகள் காலைப் பின்னிக்கொண்டு நெளியும். "ஆடாதே, முள்ளு ஆடுது" என்று சூப்பிரண்டம்மா அதட்டுவார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவேன். சூப்பிரண்டம்மா கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவர். ஆனால் மேலே இருந்து வருகிற கேள்விக்கு இல்லம் நல்ல பதிலாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் அரிசி குறையும், ஆள் குறையும். மேலே இருந்து வந்த பெரிய கேள்வி இரண்டுதான். எத்தனை பேரை உறவினரிடம் ஒப்படைத்தாய்? அதில் எத்தனை பேர் திரும்ப வந்துவிட்டார்கள்? முதல் எண் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டாவது எண் சின்னதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு நடுவில்தான் அவள் வந்தாள். எட்டு வயசு இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாள், கண் மட்டும் பெரிது. அழைத்துவந்த கான்ஸ்டபிள், "ஐயே, இது தானா வந்து ஸ்டேஷன் வாசல்ல குந்திகினு கீது டீச்சரம்மா. வூடு எங்கன்னா சொல்ல மாட்டேங்குது" என்றார். பெயர் கேட்டேன். கன்னியம்மா என்றாள். எழுதினேன். பத்து நாள் கழித்து அவளுடைய மாமன் வந்து நின்றான். மாம்பலத்தில் எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவன். "எங்க அக்கா பொண்ணும்மா. அக்கா பூட்டா, நான்தான் வளக்கறேன். கொஞ்சம் திமிரு, ஓடிடும்" என்று கும்பிட்டான். உத்தரவு வாங்கிவந்தான். ரிஜிஸ்தரில் கட்டைவிரலை வைத்தான். அவன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டுக்காயம், அது ரேகையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடும். அவள் அவன் பின்னால் போனாள். ஒரு பிள்ளையை வீட்டில் சேர்த்தாயிற்று என்று நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாலு மாதத்தில் திரும்ப வந்தாள். வேறொரு போலீஸ் ஸ்டேஷன், வேறொரு கான்ஸ்டபிள். பெயர் கேட்டால், என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "ரோசி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, நீ கன்னியம்மாதானே?" என்றேன். "நான் ரோசி டீச்சரம்மா. அது வேற பொண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சூப்பிரண்டம்மாவிடம் போய், போன தரம் வந்த பிள்ளைதான், பழைய நம்பரிலேயே 'திரும்ப வந்தவள்' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவர்கள் மாஜிஸ்திரேட்டு உத்தரவை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். அதில் ரோசி என்றுதான் இருந்தது. "ஆர்டர் புதுசுன்னா நம்பர் புதுசு. நம்பர் புதுசுன்னா பிள்ளையும் புதுசு. கோர்ட்டு எழுதின பேரை மாத்த நாம யாரு?" என்றார்கள். சட்டப்படி அது சரிதான். நான் புது நம்பர் போட்டேன். மூன்று வாரத்தில் மாமன் வந்தான். கட்டைவிரல் வைத்தான். திரும்ப வந்தவர் கட்டத்தில் ஒன்று கூடவில்லை, ஒப்படைத்தவர் கட்டத்தில் ஒன்று கூடியது.

அப்படி ஆறு தரம். லச்சுமி என்று ஒரு தரம், பாத்திமா என்று ஒரு தரம், இன்னும் இரண்டு பெயர். ஒவ்வொரு தரமும் ஒரு புதுப் பிள்ளை, ஒவ்வொரு தரமும் ஒரு வெற்றி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதை ரிஜிஸ்தரில் மறைத்தேன். மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எல்லாம் அங்கேயே பளிச்சென்று கிடந்தது. ஆறு பெண்கள் பெயர், எதிரே ஒரே மாமன் பெயர், நடுவில் வெட்டுப்பட்ட ஒரே கட்டைவிரல். ஒரு மனுஷனுக்கு ஆறு அக்கா மகளா என்று ஒருத்தர் கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற பெரியவர் காப்பி குடித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையைப் பார்ப்பார். உள்பக்கத்தை ஒரு நாளும் புரட்டியதில்லை. "ஒப்படைப்பில் இந்த இல்லம் சிறப்பாக உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பைக் காட்டித்தான் சூப்பிரண்டம்மா என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதினார்கள். நிரந்தரமானதால்தான் உன்னைக் காலேஜில் சேர்த்தேன். இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லையடா. நீ இதில் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் நீ தெரிந்துகொள்ளாமல் நான் சாகக்கூடாது.

கட்டங்களை நம்புகிற கெட்ட பழக்கம் எனக்கு ஆபீஸில் மட்டும் இருந்ததென்று நினைக்காதே. உன் அப்பா இறந்த வருஷம் நீ வகுப்பில் முதல் ராங்க் வாங்கினாய். ரிப்போர்ட்டை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன், பிள்ளை துக்கத்தைத் தாண்டிவிட்டான் என்று. அந்த வருஷம்தான் நீ பத்து விரலிலும் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாய். எனக்கு அது தெரியாது. உன் சித்தி திருச்சியிலிருந்து வந்தவள்தான் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ இந்தப் புள்ளைய பார்க்கிறியா இல்லையா?" என்று கத்தினாள். நான் ரிப்போர்ட்டை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு இன்றைக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஐந்தாம் தரம் வந்தபோது கிணற்றடியில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குப் பின்பக்கம், பாவாடை மறைக்கிற இடத்தில், சூடு போட்ட தழும்பு பார்த்தேன். ஒன்று இல்லை. பழையது, புதியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். "யாருடி?" என்றேன். "பால் கொட்டிட்டேன்" என்றாள், யார் என்று சொல்லவில்லை. போய்ச் சொன்னேன். சூப்பிரண்டம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா வரும்போது காட்டலாம் என்றார்கள். டாக்டரம்மா வருவதற்குள் மாமன் உத்தரவோடு வந்துவிட்டான். உடல்நிலைக் கட்டத்தில் நல்லது, சுமார், மோசம் என்று மூன்றில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு மாதத்தில் அவள் மூன்று ராத்தல் எடை ஏறியிருந்தாள். நான் 'நல்லது' என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதியபோது பேனா ஒன்றும் நின்றுவிடவில்லை. வழக்கம்போல முத்து முத்தாகத்தான் விழுந்தது.

அப்புறம் அந்தச் சித்திரை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது, நீ மறந்திருக்கமாட்டாய். இல்லத்தை ஒரு வாரத்தில் காலி செய் என்று உத்தரவு. உறவினர் என்று யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுத்துவிடு, யாருமே இல்லாத பிள்ளைகளை வேலூர்ப் பக்கம் அனுப்பு என்றார்கள். அப்போது அவள் எங்களிடம் இருந்தாள், ஆறாவது பெயரோடு. மாமன் வந்து வெளியே நிற்கிறான் என்று ஆயா வந்து சொன்னதும் அவள் நான் எழுதுகிற மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்து, "வாடி, எல்லாரும்தான் போறாங்க, குண்டு விழப்போவுது" என்றேன். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "டீச்சரம்மா, நானும் மாத்தி மாத்தி சொல்லிப் பாத்துட்டேன். இன்னா பேரு சொன்னா நீ என்னை அனுப்ப மாட்டே? அத்த சொல்லு, அத்தயே சொல்றேன்."

சேசுவே! அந்தப் பிள்ளை அத்தனை வருஷமாக எங்களை ஏமாற்றுவதற்காகப் பெயர் மாற்றவில்லை. எந்தப் பெயரில் வந்த பிள்ளைக்கு இங்கே இடம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். கைபிடித்துக் கொண்டுபோய் விட்டேன். மாமன் கட்டைவிரல் வைத்தான். மறுநாள் நீயும் நானும் திருச்சிக்கு ரயில் ஏறினோம்.

ஆறு மாதம் கழித்து பயம் தெளிந்து பட்டணம் திரும்பியது, இல்லத்தையும் திறந்தார்கள். அந்த வருஷத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். இல்லம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு வருஷம் கிடையாது. ஒப்படைத்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும், திரும்ப வந்தவர் யாரும் இல்லை. மேலே இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, சூப்பிரண்டம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது சரிதான் மகனே. நாங்கள் அளந்துதான் போட்டோம். ஆனால் ஆற்றில்தான் போட்டோம். அதற்குப் பிறகு போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் நான் வகுப்பை விட்டு எழுந்து ஓடுவேன், அவளாக இருக்குமா என்று. வரவே இல்லை. பெரியவளாகிவிட்டாள், மாமன் திருந்திவிட்டான், நன்றாக இருக்கிறாள், அதனால்தான் வரவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உன் ஏழாவது கட்டத்தை உனக்கு முன்னாலேயே நான் மனசுக்குள் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படி வெறி வந்தது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். சர்க்கார் புத்தகத்தில் பொய் எழுதினேன் என்றேன். பரிகாரமாக மாதாவுக்குப் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். நான் பொய் எழுதியதைத்தான் சொன்னேனே தவிர, விரலைப் பிரித்து எடுத்ததைச் சொல்லவில்லை. பாதி சொன்ன பாவத்துக்கு முழு மன்னிப்பு எங்கே கிடைக்கும்? போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எத்தனையோ நாள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். மாமன் வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம், ஆறு தரம் எழுதியவள் அல்லவா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். போனால் தெரிந்துவிடுமே! தெரியாமல் இருக்கிற வரைக்கும் அவள் நன்றாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் நான்.

நேற்று போனேன். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு திங்கட்கிழமை முழுவதும் கூண்டில் அடைத்த கோழி மாதிரி வீட்டுக்குள் சுற்றினேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டேன். அந்த விலாசத்தில் எருமைக் கொட்டகையைக் காணோம், மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். எதிரே ஓர் அம்மாள் இட்லி சுட்டுக்கொண்டிருந்தாள். பால்கார மாமனைப் பற்றிக் கேட்டேன். "அவன் செத்து நாலு வருஷமாவுதும்மா, குடிச்சிக் குடிச்சி ஈரல் பூடுச்சி" என்றாள். அவனுடைய அக்கா மகள் என்று இழுத்தேன். "அதுவா? அதுக்கு இன்னா, நல்லாத்தான் கீது. நங்கநல்லூர் பக்கம் தோட்டக்காரனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு வருசமா செவ்வா, வெள்ளி கீர கொண்டாந்து ரயில் ஸ்டேஷன் வாசல்ல விக்கிது. இன்னிக்கு செவ்வாதானே, போய்ப் பாரு" என்றாள். எவ்வளவு சுலபம் பார்! இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவள் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உன் வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் நான் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்க எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

கூட்டத்தில் கண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். மடியில் ஒரு கைக்குழந்தை, முன்னால் கோணியில் முளைக்கீரைக் கட்டுகள். நான் போய் நின்றதும் கீரை வாங்க வந்தவள் என்று நினைத்து, "காலைல பறிச்சதும்மா, பாரு" என்று ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் உற்றுப் பார்த்தாள். "ஐயே, டீச்சரம்மா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகைதான் வந்தது. போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அவள்தான் கோணியில் இடம் ஒதுக்கி என்னை உட்காரவைத்தாள். "உன் நிஜப் பேர் என்னம்மா?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. சிரித்தாள். "அஞ்சலை. அத்த மட்டும் சொல்லவே இல்ல, பாத்தியா" என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "உம்மேல இன்னா கோவம்? நீ நோட்டு எழுதறவ" என்றாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. "கடைசியா போனதுக்கு அப்புறம் நீ திரும்பி வரவே இல்லையே, அதனால நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றேன். அவள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வரலியா? வந்தேனே! பத்தே நாள்ல வந்தேன். போலீஸ்காரன் அந்த வூடு மூடிட்டாங்க போன்னான். நான் நம்பல, நானே நடந்து வந்தேன். பூட்டிகினு இருந்துச்சி. மூணு நாளு கேட்டாண்டயே குந்திகினு இருந்தேன், யாருனா வருவாங்கன்னு. மாமன்தான் வந்தான்." குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள், "அதுக்கப்பால ஓடல. எங்க ஓடறது?"

திரும்ப வந்தவர் யாரும் இல்லை என்று என் கையால் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டிய வருஷம் அது. நாம் திருச்சியில் உன் சித்தி வீட்டு மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் வந்தாள். கதவு பூட்டியிருந்ததால் எண்ணுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்போது உன் ஏழாவது கட்டத்தை எடுத்துக்கொள். ஒரு பிள்ளை திரும்ப வரவில்லை என்றால் அது நன்றாக இருக்கலாம். செத்துப்போயிருக்கலாம். வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கே ஓடுவது என்று தெரியாமல் அடங்கிப்போயிருக்கலாம். நான்கும் உன் கட்டத்தில் ஒரே சைபர். அதிலும் நீ சைபருக்கு மார்க்கு கொடுக்கப்போகிறாய் என்று தெரிந்தால், வந்து நிற்கிற பிள்ளைக்குப் புது நம்பர் போட இன்னொரு டீச்சர் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் காலேஜுக்குப் போகவேண்டிய பிள்ளை ஒன்று இருக்கும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் ஏதம்மா, ஃபாரத்தை இனிமேல் எப்படி மாற்றுவது, மேலே இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பாய். எல்லாம் உண்மைதான். அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காவிட்டால் இன்னும் மோசம் என்பது எனக்கும் தெரியும். ஒப்படைத்த பிள்ளையை ஆறு மாதம் கழித்து ஒருத்தர் போய்க் கண்ணால் பார்த்தாரா, அது என்ன சொன்னது என்று ஒரு கட்டம் வை. அந்தக் கட்டம் முதல் வருஷம் எல்லா இல்லத்திலும் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும், காலி என்றாவது தெரியட்டும். திரும்ப வந்த பிள்ளையை வாங்கிக்கொண்ட இல்லத்துக்கு மார்க்கைக் குறைக்காதே. இந்தக் கடிதத்தோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். அதில் அந்த ஆறு நம்பரும் ஆறு பெயரும் எழுதி, இது ஒரே பிள்ளை, தெரிந்தேதான் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் ஆபீஸ் பெரியவரிடம் கொடு. என் பென்ஷனுக்கு ஆபத்து வந்தால் வரட்டும். உனக்குத் தலைகுனிவு வரும், அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் கொடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். நான் புறப்பட எழுந்தபோது அஞ்சலை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "டீச்சரம்மா, அந்த வூடு இப்ப தொறந்து கீதா?" என்று கேட்டாள். திறந்திருக்கிறது, ஏன் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க பக்கத்து வூட்ல ஒரு பொண்ணு கீது. ஏழு வயசுதான். முட்டிக்குப் பின்னால காலைப் பாத்தேன், எனக்குத் தெரியும். கூட்டியாரட்டா? வச்சிக்குவீங்களா, இல்ல மறுபடியும் அனுப்பிடுவீங்களா?" அதெல்லாம் இப்போது என் பையன் ஆபீஸில்தான் இருக்கிறது, அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் மறுபடி வெள்ளிக்கிழமை வருவாள். காலை ஆறு மணிக்கே வந்துவிடுவாளாம். அவளிடம் நான் என்ன சொல்ல?

உன் அம்மா